பள்ளி மானியத்தில் கண்ணாடி பீரோ: கேட்டால் ஏன் கோபம் வருகிறது?

ராயபுரம் டீச்சர்:
நேற்று ராத்திரி கல்மண்டபம்காரர் இங்கே ஒரு படம் போட்டிருந்தார். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பள்ளியின் தலைமையாசிரியர் அறை, அதில் ஒரு பீரோ, பீரோவில் கண்ணாடி. கீழே எழுதியிருந்தது: "ஏழைப் பிள்ளைகளுக்கு வரும் அரசு மானியத்தில் டீச்சர்கள் பவுடர் போட்டுக்கொள்ளக் கண்ணாடி பீரோ." 43 பேர் சிரித்திருக்கிறீர்கள், எண்ணிப் பார்த்தேன். அதில் நாலு பேர் என்னிடம் அ, ஆ படித்தவர்கள்.

சரி, அந்த மானியம் எவ்வளவு என்று யாராவது கேட்டீர்களா? ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வரும் பள்ளி மானியம் தலை எண்ணித் தருவது. 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, ஆயிரம் வரை 75,000, அதற்கு மேல் எத்தனை பேர் இருந்தாலும் ஒரு லட்சத்தோடு நின்றுவிடும். எல்லாம் ஒரு வருஷத்துக்கு. எங்கள் பள்ளியில் 212 பேர், ஆக 50,000. அதில் பத்தில் ஒரு பங்கு துப்புரவுக்கு என்றே போய்விடும். பினாயில், துடைப்பம், பக்கெட். மீதியில் சாக்பீஸ், பதிவேடு, குழாய் ரிப்பேர், பல்பு, ஜெராக்ஸ். தலைக்கு 236 ரூபாய்கூட முழுசாக வராது. உங்கள் வீட்டுப் பையனின் ஒரு மாத ஆட்டோ காசு எவ்வளவு தம்பி?

கல்மண்டபம்காரன்:
டீச்சர் பாடம் எடுத்துவிட்டார், எல்லோரும் எழுந்து நின்று வணக்கம் சொல்லுங்கள். கணக்கு எல்லாம் சரி. கண்ணாடி எதற்கு?

கொடுங்கையூர்ப் பொண்ணு:
நான் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலராக இருந்தவள். 2021-ல் கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்து பிள்ளைகள் எழுத்தையே மறந்துபோன நேரத்தில் ஆரம்பித்த திட்டம். சாயங்காலம் 5 முதல் 7 வரை எங்கள் வீட்டு மாடியில் 18 பிள்ளைகள். மாதம் 1,000 ரூபாய். அதிலும் கலர் பென்சிலும் சார்ட்டும் நான்தான் வாங்கினேன். எங்களுக்கு யாரும் பீரோ வாங்கித் தரவில்லை. அட்டைப்பெட்டியில்தான் வைத்திருந்தோம்.

கல்மண்டபம்காரன்:
பாருங்கள், 1,000 ரூபாய் சம்பளம் வாங்கிய பெண் அட்டைப்பெட்டியில் வைத்திருக்கிறாள். இவர்களுக்குக் கண்ணாடி கேட்கிறது.

கொடுங்கையூர்ப் பொண்ணு:
சம்பளம் இல்லை அண்ணா, ஊக்கத்தொகை.

கல்மண்டபம்காரன்:
இரண்டும் காசுதானே அம்மா.

ராயபுரம் டீச்சர்:
இரண்டும் ஒன்று இல்லை, அது தெரியாமல்தான் நீங்கள் மானியம் மானியம் என்று எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டுகிறீர்கள். உதவி பெறும் பள்ளிக்கு ஆசிரியர் சம்பளமாக வருவதும் மானியம்தான், எங்களுக்குப் பினாயில் வாங்க வருவதும் மானியம்தான், கல்லூரி போகும் பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் 1,000 வருவதையும் ஜனங்கள் மானியம் என்றுதான் சொல்கிறார்கள். எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்.

கல்மண்டபம்காரன்:
கண்ணாடியைப் பற்றிப் பேசுகிறேன்.

மண்ணடி பாய்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கணும். நான் இருபது வருஷமாக ஸ்டீல் பீரோ வியாபாரத்தில் இருப்பவன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது ஆபீஸ் பீரோவே இல்லை. ஆபீஸ் பீரோவில் வெறும் தட்டுதான் இருக்கும். இது வீட்டு பீரோ, உள்ளே ஒரு பக்கம் புடவை தொங்கவிடக் கம்பி, நடுவில் லாக்கர். கண்ணாடி வைத்தால் 800 ரூபாயாவது கூட வரும். டீச்சரம்மாவைக் குறை சொல்லவில்லை, தொழிலைச் சொல்கிறேன்.

கல்மண்டபம்காரன்:
800 ரூபாய்! கேட்டீர்களா! 800 ரூபாய்க்கு எத்தனை நோட்டு வாங்கலாம்?

ராயபுரம் டீச்சர்:
பாய் சொன்னது சரி, வீட்டு பீரோதான். அதை ஏன் வாங்கினோம் என்று கேட்டிருந்தால் நேற்றே சொல்லியிருப்பேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் ஞாபகம் இருக்கிறதா, அல்லது அப்போது நீங்கள் ஊரில் இல்லையா? பள்ளியின் கீழ்த்தளத்தில் முழங்கால் வரை தண்ணீர், அதுவும் சாக்கடை கலந்த தண்ணீர். மர அலமாரியின் கீழ் இரண்டு தட்டும் முழுகி, கதைப் புத்தகம் எல்லாம் ஊறின இட்லி மாதிரி உப்பிவிட்டது. சின்ன வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தால் படம் ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக வந்தது. அந்த வருஷ மானியம் பிப்ரவரி கடைசியில்தான் எங்கள் கைக்கு வந்தது, மார்ச் 31-க்குள் செலவு செய்து பில் ஏற்றவில்லை என்றால் திரும்பிப் போய்விடும். நானும் இன்னொரு டீச்சரும் சனிக்கிழமை முழுக்க கடை கடையாக ஏறி இறங்கினோம். ஆபீஸ் பீரோ 14,500 சொன்னார்கள். ஒரு கடையில் மட்டும் இது 11,000-க்குக் கிடைத்தது. ஏன் என்றால், யாரோ பெண் வீட்டார் சீர் வரிசைக்கு ஆர்டர் கொடுத்த பீரோ, கல்யாணம் நின்றுபோய்க் கடையிலேயே தங்கிவிட்டது. கண்ணாடி இலவசமாக வந்தது ஐயா. 3,500 ரூபாய் மிச்சம். அதில்தான் மூன்றாம் வகுப்புக்கு இரண்டு ஃபேன் மாட்டினோம்.

வண்ணை மைந்தன்:
நின்றுபோன கல்யாணத்து பீரோவையா பள்ளிக்கூடத்தில் வைத்தீர்கள்? படிக்கிற பிள்ளைகள் இருக்கும் இடம் டீச்சர்.

ராயபுரம் டீச்சர்:
வைத்திருப்பது புத்தகம், தாலி இல்லை.

திருவொற்றியூர் வாசி:
எல்லோரும் ஒரு விஷயத்தை மறக்கிறீர்கள். ராயபுரம் பள்ளிகளுக்கு மாநகராட்சியும் செய்யும், இந்த மானியமும் வரும். எங்கள் ஊரை 2011-ல் சென்னையோடு சேர்த்தார்கள், ஆனால் பள்ளிகளை உடனே சேர்க்கவில்லை. அப்போது குழாய் உடைந்து மாநகராட்சியிடம் போனால் கல்வித் துறையிடம் போ என்பார்கள், துறையிடம் போனால் மண்டல அலுவலகத்துக்குப் போ என்பார்கள். இதைப் பேச ஆள் இல்லை.

வண்ணை மைந்தன்:
திருவொற்றியூர் ஆரம்பித்துவிட்டது. எதை எடுத்தாலும் எங்கள் ஊருக்கு ஒன்றும் செய்யவில்லை. ஏழைப் பிள்ளைக்குச் சோறு போட்டுப் படிக்க வைத்தது யார் தெரியுமா? 1920-ல் பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஆரம்பித்தது. அவர் பெயரில் கல்லூரி எங்கள் பழைய வண்ணாரப்பேட்டையில் நிற்கிறது.

திருவொற்றியூர் வாசி:
ஆயிரம் விளக்கு எப்போது வண்ணாரப்பேட்டைக்கு வந்தது? மாநிலம் முழுக்கச் சோறு போட்டது காமராஜர், 1956.

வண்ணை மைந்தன்:
முதலில் என்றால் முதலில்தான்.

கொடுங்கையூர்ப் பொண்ணு:
சத்துணவு 1982, எம்ஜிஆர். எங்கள் அம்மா அதில் சாப்பிட்டுத்தான் படித்தார்.

கல்மண்டபம்காரன்:
சோற்றை விடுங்கள். டீச்சர் சொன்ன கதையில் ஒரு ஓட்டை. தண்ணீர் வந்தது கீழ்த்தளத்தில். பீரோ இருப்பது தலைமையாசிரியர் அறையில். பிள்ளைகள் புத்தகம் என்றால் வகுப்பில் அல்லவா இருக்க வேண்டும்? கண்ணாடி முன்னால் நாற்காலி வேறு போட்டிருக்கிறது படத்தில்.

ராயபுரம் டீச்சர்:
அந்த அறை மாடியில் இருக்கிறது! ஒழுகாத அறை அது ஒன்றுதான்! நாற்காலி, மேல் தட்டு எட்டாத பிள்ளை ஏறி நிற்பதற்கு. புடவைக் கம்பி இருக்கும் பக்கத்தில்தான் கதைப் புத்தகம் அடுக்கியிருக்கிறது, வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்குத் திறப்போம். அப்போது ஒன்றும் இரண்டும் வகுப்புப் பிள்ளைகள் புத்தகத்தை விட்டுவிட்டுக் கண்ணாடி முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும், எந்தப் பல் ஆடுகிறது என்று. அவர்கள் வீட்டில் ஆணியில் மாட்டிய கையகலக் கண்ணாடிதான். நாங்கள் யாரும் துரத்தவில்லை. பவுடர் போட்டது அவர்கள்தான், ஆண்டு விழா அன்று, ஒரே டப்பாவை முப்பது பேர்.

கல்மண்டபம்காரன்:
ஆக, பவுடர் போட்டதை ஒத்துக்கொள்கிறீர்கள்.

ராயபுரம் டீச்சர்:
இவரோடு பேசுவதற்குப் பேசாமல் இருக்கலாம். ஆனால் இருக்க மாட்டேன். பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது, பீரோ வாங்கியபோது அதில் 20 பேர், 15 பேர் பெற்றோர், தலைவியும் ஒரு தாய்தான். அவர்கள் தீர்மானம் போட்டுக் கையெழுத்து வைக்காமல் ஒரு துடைப்பம்கூட வாங்க முடியாது. அந்தத் தீர்மானத்தில் உங்கள் வீட்டுக்காரம்மா கையெழுத்து இருக்கிறது தம்பி. நாலாவது பெயர். கேட்டுப் பாருங்கள்.

மண்ணடி பாய்:
ஆகா.

கல்மண்டபம்காரன்:
குடும்பத்தை இழுக்காதீர்கள். அவள் கையெழுத்துப் போட்டது பீரோவுக்கு. கண்ணாடிக்கு இல்லை.

கொடுங்கையூர்ப் பொண்ணு:
டீச்சர், ஒன்று கேட்கணும், ரொம்ப நாளாக மனதில் இருக்கிறது. நான் என் பிள்ளைகளுக்கு அட்டை கேட்டு வந்தபோது உங்கள் பள்ளியில்தான் வாசலிலேயே நிற்க வைத்தார்கள். "பிளஸ் டூ படித்ததெல்லாம் டீச்சரா" என்று ஒருவர் சொன்னார். 1,000 ரூபாய் என்றால் அவ்வளவு இளக்காரமா?

ராயபுரம் டீச்சர்:
நான் சொல்லவில்லை அம்மா. சொன்னவர் யார் என்று எனக்குத் தெரியும், அதை இங்கே எழுத மாட்டேன். ஆனால் நீயும் யோசி, 2022-ல் நிரந்தர ஆசிரியரைப் போடாமல் தற்காலிக இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 என்று அறிவித்தார்கள். இரண்டு வருஷம் பயிற்சி முடித்துத் தகுதித் தேர்வும் எழுதியவருக்கு. எங்கள் வயிற்றெரிச்சலை யாரிடம் காட்டுவது, வாசலில் வந்து நின்றவளிடம் காட்டிவிட்டார்கள்.

கொடுங்கையூர்ப் பொண்ணு:
அது மன்னிப்பு இல்லை டீச்சர்.

திருவொற்றியூர் வாசி:
இதற்கெல்லாம் காரணம் மேலே இருப்பவர்கள். டீச்சர் சொன்ன பள்ளி மானியம் வரும் திட்டத்துக்கு நூற்றுக்கு 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநில அரசு. மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பிஎம் ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25-க்கான 2,152 கோடியை நிறுத்தினார்கள். நீங்கள் 800 ரூபாய்க்கு அடித்துக்கொள்கிறீர்கள்.

வண்ணை மைந்தன்:
கையெழுத்துப் போட்டுக் காசை வாங்கியிருக்கலாமே.

திருவொற்றியூர் வாசி:
போட்டால் தேசியக் கல்விக் கொள்கை பின்னாலேயே வரும். அதுவும் தெரியாமல் வண்ணையின் மைந்தனாம்.

வண்ணை மைந்தன்:
பெயரைப் பற்றிப் பேசினால் நானும் பேசுவேன்.

ராயபுரம் டீச்சர்:
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள், கோடிக்கணக்கு யாருக்கும் உறைக்காது. என் தோழி ஒருத்தியின் பள்ளியில் 98 பிள்ளைகள். மானியம் 25,000. இன்னும் மூன்று பேர் சேர்ந்து 101 ஆகிவிட்டால் 50,000. மே மாதம் கொளுத்துகிற வெயிலில் குப்பம் குப்பமாகப் போய் மூன்று பிள்ளைகளுக்காக வாசலில் கெஞ்சுகிறாள், எதிர்வீட்டுக்காரர் "பள்ளிக்கூடத்தில் ஏசி இருக்கிறதா" என்று கேட்கிறார். போன வருஷம் 100 வரை வந்துவிட்டாள். 101-வது பிள்ளையை அம்மா வேன் வைத்த பள்ளியில் சேர்த்துவிட்டாள். பினாயில் செலவு 98-க்கும் 101-க்கும் ஒன்றுதானே? இதைப் பற்றி 43 பேரில் ஒருவர் படம் போடலாம் அல்லவா?

கல்மண்டபம்காரன்:
உருக்கமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பள்ளியில் கண்ணாடி பீரோ இல்லை, பார்த்தீர்களா.

மண்ணடி பாய்:
டீச்சரம்மா, ஒரு சந்தேகம். சீர் வரிசை பீரோ என்றீர்களே, பில்லில் என்ன போட்டார்கள்? கண்ணாடி பீரோ என்று எழுதினால் தணிக்கையில் மாட்டுமே.

ராயபுரம் டீச்சர்:
ஸ்டீல் அலமாரி ஒன்று, ரூபாய் 11,000.

கல்மண்டபம்காரன்:
அலமாரி! பீரோ இல்லையாம், அலமாரியாம்! இப்போது வருகிறது பாருங்கள் உண்மை. கண்ணாடியை பில்லிலேயே மறைத்திருக்கிறார்கள்.

ராயபுரம் டீச்சர்:
இலவசமாக வந்ததை எந்த பில்லில் எழுதுவார்கள்? நாளைக்குப் பத்து மணிக்குப் பள்ளிக்கு வாருங்கள், கதவைத் திறந்து காட்டச் சொல்கிறேன். வீட்டுக்காரம்மாவையும் கூட்டி வாருங்கள்.

கல்மண்டபம்காரன்:
நாளை முகூர்த்த நாள், ஒரு கல்யாணம் இருக்கிறது. 800 ரூபாய்க்கு இன்னும் பதில் வரவில்லை.

மண்ணடி பாய்:
விலை ஏறியிருக்கிறது, இப்போது ஆயிரம் ஆகும்.