கட்டமைப்பா, திரட்சியா?

குழுவினருக்கு வணக்கம். பேரண்டத்தில் பொருள் ஆங்காங்கே கூடி விண்மீன் திரள்களாகவும் கொத்துகளாகவும் ஆவதை (growth of cosmic structure) தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சில் வந்த யோசனை இது:

> 'பேரண்டக் கட்டமைப்பு வளர்ச்சி' என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும் என்பதுதான் என் கவலை. கட்டமைப்பு என்றதும் சாலையும் பாலமும் நினைவுக்கு வருகின்றன. கட்டுவதற்கு ஆள் வேண்டும். விண்மீன் திரள்களையும் அவற்றின் கொத்துகளையும் யாரும் கட்டவில்லை. பெருவெடிப்புக்கு ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகளுக்குப் பின் கிளம்பி இன்றும் வானெங்கும் பரவியிருக்கும் பழைய ஒளியான நுண்ணலைப் பின்னணியில் இடத்துக்கு இடம் தெரியும் வெப்பநிலை வேறுபாடு, லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். சற்றே அடர்ந்த இடம் தன் ஈர்ப்பால் சுற்றியிருப்பதை இழுத்து மேலும் அடர்ந்தது. தானாக நடப்பது இது, தன்வினை. அதற்குத் தமிழில் 'திரள்' என்ற வினை காத்திருக்கிறது.

தயிர் கடைந்தவர்கள் பார்த்திருப்பார்கள். நெடுநேரம் ஒன்றும் தெரியாது. பிறகு சிறுசிறு மணிகளாக மேலே வந்து, ஒன்றோடொன்று ஒட்டி, வெண்ணெய் திரளும். வெண்ணெய் திரளும் வேளையில் தாழி உடைந்தது பழமொழி. இங்கே தாழியான பேரண்டம் உடையவில்லை, அகன்றுகொண்டே போகிறது. அந்த அகற்சி வேகமெடுப்பதை 1998-இல் சூப்பர்நோவாக்களை, அதாவது வெடித்துச் சிதறும் விண்மீன்களைக் கொண்டு கண்டார்கள். வேகமூட்டுவதற்கு 'இருள் ஆற்றல்' என்று பெயர். அதன் பிடி இறுக இறுகத் திரள்வது மந்தமாகிறது.

எந்தக் காலத்தில் எவ்வளவு மந்தமானது என்று அளந்தால் இருள் ஆற்றலின் குணம் தெரியவரும். தொலைவுகளை மட்டும் அளந்தால் போதாது. இருள் ஆற்றலே இல்லாமல் ஈர்ப்பு விதி வேறாக இருந்தாலும் பேரண்டம் அதே போல விரியலாம். ஆனால் பொருள் திரளும் விதம் வேறுபடும். வானியலாளர்கள் சிலியில் 4 மீட்டர் தொலைநோக்கியில் 570 மெகாபிக்சல் கேமராவைப் பொருத்தி 758 இரவுகள் படமெடுத்ததற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். தொலைவிலுள்ள விண்மீன் திரள்களின் உருவம், இடையிலுள்ள பொருளின் ஈர்ப்பால் எவ்வளவு கோணியிருக்கிறது என்று பார்த்தார்கள்.

'திரள் வளர்ச்சி' வேண்டாம். பாடநூல்களில் 'விண்மீன் திரள்' ஊன்றிவிட்டது; ஒரே ஒரு விண்மீன் திரள் பருப்பதாகப் படும். ஆகவே நிகழ்வுக்குத் 'திரட்சி'. வளர்ச்சி அதற்குள்ளேயே இருக்கிறது, தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை. பொருளியலில் மூலதனத் திரட்சி உண்டு. துறை வேறென்பதால் குழப்பம் வராது. திரண்டு அமைந்த வலைப்பின்னலைப் 'பெருந்திரளமைப்பு' எனலாம்.

வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: "கடந்த சில நூறு கோடி ஆண்டுகளில் இருள் ஆற்றல் மேலோங்கியதால் பேரண்டத்தின் திரட்சி வீதம் குறைந்தது."