பேட்டரி ஹெட் ஆம்பில் இடது பக்கம் மட்டும் ஹம்: வழி சொல்லுங்கள்

வணக்கம். என் ரெக்கார்ட் பிளேயரில் இருக்கும் டெனான் டிஎல்-103 மூவிங் காயில் கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அசைவை மின்சிக்னலாக்கும் பாகம்) தருவது 0.3 மில்லிவோல்ட்தான். ஆம்பிளிஃபயரின் எம்எம் (மூவிங் மேக்னெட் கார்ட்ரிட்ஜுக்கான) ஃபோனோ இன்புட்டுக்கு அது போதாது என்பதால் நடுவில் பேட்டரி ஹெட் ஆம்ப் (சிக்னலை முன்கூட்டியே பெருக்கும் சிறு ஆம்ப்): சேனலுக்கு ஒரு எல்டி1028 (இரைச்சல் குறைந்த ஆப் ஆம்ப் ஐசி), ஃபீட்பேக்கில் 100 ஓம், கிரவுண்டுக்கு 10 ஓம், ஆக 11 மடங்கு கெயின் (பெருக்கம்). ரெசிஸ்டர்களைப் பத்து மடங்கு கூட்டினாலும் கெயின் அதேதான், ஆனால் இரைச்சல் ஏறிவிடும். கார்ட்ரிட்ஜ் காயிலே வெறும் 40 ஓம். 9 வோல்ட் ஆல்கலைன் இரண்டு. இரண்டையும் ஒரே டபுள் போல் சுவிட்ச்தான் அணைக்கிறது. ஒரு பேட்டரி முந்தி அணைந்தால் ஸ்பீக்கரில் பலத்த தட்டல்.

சிக்கல், இடதில் 50 ஹெர்ட்ஸ் ஹம் (மின்சார லைனின் ரீங்காரம்). இன்புட்டை ஷார்ட் செய்தால் சுத்த அமைதி. ஹெட்ஷெல்லில் (கார்ட்ரிட்ஜ் பொருத்தும் தலைப்பகுதி) இடது வலது ஒயர்களை மாற்றினாலும் ஹம் நகரவில்லை. ஹெட் ஆம்ப் இன்புட்டில் ஆர்சிஏ பிளக்கை மாற்றினால் வலதுக்குத் தாவுகிறது. பிளக்குகளைக் கழற்றி, கார்ட்ரிட்ஜையும் பிரித்துவிட்டு மீட்டர் வைத்தால் (காயில் மேல் மீட்டர் வைக்கவே கூடாது) இடது கேபிள் ஷீல்டும் டோன்ஆர்ம் உலோகமும் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன, வலது இல்லை. தனி எர்த் ஒயரும் இருப்பதால் கிரவுண்ட் லூப் (எர்த்துக்கு இரண்டு பாதை) என்று தோன்றுகிறது.

அந்த இணைப்பை வெட்டுவதா, எர்த் ஒயரைக் கழற்றுவதா? ஹெட் ஆம்பின் இன்புட் லோடு (கார்ட்ரிட்ஜ் மேல் விழும் சுமை ரெசிஸ்டர்) இப்போது 100 ஓம், சுமார் 3 டெசிபல் இழப்பு. 470 ஓம் போட்டுக் கேட்டவர்கள் மேல் ஸ்தாயி எப்படி என்றும் சொல்லுங்கள்.