'இம்ப்ரிகேஷன்': வசவா, சாபமா?

கேள்வி:
பழைய கல்வெட்டு ஆண்டறிக்கைகளின் ஆங்கிலச் சுருக்கங்களைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். கோயிலில் அணையாமல் எரியும் நந்தாவிளக்குக்கு 90 ஆடு, சாமிக்குப் படைக்கும் திருவமுதுக்கு நிலம் என்று கொடைகள் ஒவ்வொன்றாக வரும். பல இடங்களில் கடைசி வரி, 'வழக்கமான இம்ப்ரிகேஷனுடன் முடிகிறது'. அகராதியில் சாபம், வசவு, திட்டு என்று மூன்றும் இருக்கின்றன. 'வழக்கமான வசவுடன்' என்று எழுதிவிட்டேன். மறுநாள் படித்தபோது மனசு ஒப்பவில்லை. விளக்குக்கு ஆடு கொடுத்தவர் கோயில் சுவரில் யாரை வைதிருப்பார்? ஆனால் ஓர் ஆங்கில நாவலில் வண்டிக்காரன் குதிரையைத் திட்டுவதற்கும் இதே சொல்தான். எது சரி?

பதில் 1:
கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். இரண்டும் சரி, ஆனால் மூலப்பொருள் சாபம்தான். லத்தீனில் 'பிரிகாரி' என்றால் வேண்டுதல். ஒருவர்மேல் கேடு வரட்டும் என்று வேண்டுவது இம்ப்ரிகேஷன். பைபிளில் 109ஆம் சங்கீதம் போன்றவற்றை இம்ப்ரிகேட்டரி சங்கீதங்கள் என்பது இதனால்தான். அங்கே கெட்ட வார்த்தை எதுவும் இல்லை, கடவுளிடம் முறையீடுதான். பிற்காலத்தில் கோபத்தில் கத்தும் வசவுக்கும் இந்தச் சொல் பரவியது, அப்போது பெரும்பாலும் பன்மையில் வரும். எழுத்தில் மட்டுமே வாழ்கிற சொல். பேச்சில் 'கர்ஸ்' போதும். 'எக்ஸ்பிளிட்டிவ்' என்பதோடு மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது யார்மேலும் எதையும் ஏவாத வெறும் வசைச்சொல். அமெரிக்க அதிபர் நிக்சனின் ஒலிநாடாக்களை 1974இல் எழுத்தாக வெளியிட்டபோது அடைப்புக்குள் நீக்கியதாகக் காட்டியது அதைத்தான்.

பதில் 2:
தம்பி, நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். விடுமுறை நாளெல்லாம் கோயில் சுவர்களோடுதான் கழிந்தது. 'வசவு' என்பதை உடனே அடித்துவிடுங்கள். சோழர் கல்வெட்டில் 'கங்கையிடைக் குமரியிடைச் செய்தார் செய்த பாவம் கொள்வார்' என்று வரும். பிற்காலத்தில் 'கங்கைக் கரையிலே காராம்பசுவைக் கொன்ற பாவத்திலே போகக் கடவன்'. யார் பேரும் இராது. இந்தத் தர்மத்தை எவன் அழிக்கிறானோ அவனுக்கு, அவ்வளவே. சந்திரனும் சூரியனும் உள்ளவரை விளக்கு எரியவேண்டும். கொடுத்தவர் அதுவரை இருந்து காவல் காக்க முடியாதே! அதனால் கல்லில் ஒரு காவலை நிறுத்திவிட்டுப் போனார். பக்கத்திலேயே 'இத்தர்மம் ரக்ஷித்தார் ஸ்ரீபாதம் என் தலைமேலன' என்று வணக்கமும் இருக்கும். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். இந்தப் பகுதி முழுவதையும் ஓம்படைக்கிளவி என்பார்கள்.

மேலே பேராசிரியர் வேண்டுதல் என்றாரே, நம் இலக்கணத்திலும் அது உண்டு. வியங்கோள் வினைமுற்றுக்கு என்ன பொருள் சொல்லிக்கொடுத்தோம்? வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல். 'வாழ்க', 'கெடுக' இரண்டுக்கும் ஒரே அச்சு. அந்த 'வைதல்' சாபம்தான். இன்று 'வைதான்' என்றால் திட்டினான் என்று ஆகிவிட்டது. ஆங்கிலச் சொல் போன வழியும் அதுவே.

கேள்வி கேட்டவர்:
ஐயா, நன்றி. ஓம்படைக்கிளவியில் வணக்கமும் அடங்குவதால், சாபம் மட்டும் குறிப்பிட்ட இடங்களில் 'அறத்தை அழிப்போர்க்கான சாபத்துடன் முடிகிறது' என்று மாற்றியிருக்கிறேன். இதுவரை 41 இடம். நாவலின் வண்டிக்காரனுக்கு 'வைதான்' என்பதே இருக்கட்டும்.