சம்பந்தி விருந்தை வீட்டிலேயே சமைத்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மதுரையிலிருந்து:

அடுத்த மாதம் சம்பந்தி வீட்டார் முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு இரவுச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். எங்கள் பக்கத்து உறவையும் சேர்த்தால் இருபத்தைந்து பேர் வரும். வெளியில் சொல்லிவிடலாம் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. முதல் தடவை வாசல் மிதிக்கிறவர்களுக்கு நானே ஆக்கிப் போட வேண்டும் என்று ஆசை. இருப்பது மூன்று பர்னர் அடுப்பு, ஒரு மிக்சி, ஒரு கிரைண்டர். கூடமாட உதவ என் தங்கை வருவாள். இந்த அளவுக்குச் சமைத்தவர்கள் என்ன போட்டீர்கள், எதை முதல் நாளே முடித்தீர்கள் என்று விவரமாகச் சொல்லுங்களேன்.

பாளையங்கோட்டையிலிருந்து:

தாராளமாகச் செய்யலாம் அக்கா. மெனு எழுதும்போது மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். நமக்கு என்னென்ன பிடிக்கும் என்று எழுத ஆரம்பித்தால் பதினாறு வகை வந்துவிடும். முதலில் அடுப்பைப் பாருங்கள். ஆட்கள் வந்து இலையில் உட்கார்ந்த பிறகும் தீ கேட்கிற பதார்த்தம் எத்தனை? வடை, பூரி, தோசை எல்லாம் அந்த வகை. அதில் ஒன்றுக்கு மேல் வைக்காதீர்கள். ஒன்றுமே இல்லாவிட்டால் இன்னும் நிம்மதி.

எங்கள் பக்கம் சம்பந்தி விருந்து என்றால் தேங்காய்ப் பாலில் காய்கறி போட்டு வைக்கிற சொதிதான். கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண் வீட்டில் போடுவதால் மாப்பிள்ளைச் சொதி என்றே சொல்வோம். என் நாத்தனார் மகள் கல்யாணம் முடிந்ததும் அவர்களுக்கு எங்கள் வீட்டில்தான் விருந்து வைத்தோம். சாதம், சொதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு காரக்கறி, சிப்ஸ், அப்பளம், தயிர், பாயசம். அவ்வளவுதான் இலை. சாம்பார், ரசம், கூட்டு எதுவும் கிடையாது. ஆனால் குறை சொல்ல இடமிருக்காது, ஏனென்றால் சொதி என்று போட்டாலே உங்களுக்காக மெனக்கெட்டிருக்கிறோம் என்று வருகிறவர்களுக்குத் தெரியும்.

மெனக்கெடல் முழுவதும் தேங்காயில்தான். பத்துப் பேருக்கு மூன்று பெரிய தேங்காய் என்று வைத்துக்கொண்டால் உங்களுக்கு எட்டு வேண்டும். மதியமே துருவிவிடுங்கள். வெந்நீர் கொஞ்சமாக விட்டு அரைத்து, துணியில் பிழிந்தால் வருவது முதல் பால். அது கெட்டியாக இருக்க வேண்டும். அதைத் தனியாக ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மேலே ஏடு கட்டி நிற்கும், பயப்பட வேண்டாம், கலக்கினால் சரியாகிவிடும். அதே சக்கையில் இரண்டாம் பால், மூன்றாம் பால் எடுங்கள். மூன்றாம் பாலில் முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், உருளை, பச்சைப் பட்டாணி, வதக்கிய சின்ன வெங்காயம், கீறின பச்சை மிளகாய் எல்லாம் வேகட்டும். வெந்ததும் குழைய வேகவைத்த பாசிப்பருப்பையும் இரண்டாம் பாலையும் சேர்த்து ஒரு கொதி. இதுவரை மாலை ஐந்து மணிக்கே முடித்து மூடிவிடலாம்.

முதல் பால் மட்டும் பந்திக்குக் கொஞ்சம் முன்னால். சொதியைச் சூடாக்கித் தீயைத் தணித்து ஊற்றுங்கள். ஓரத்தில் நுரை கட்டத் தொடங்கியதும் இறக்கிவிட வேண்டும். கொதித்தால் திரிந்துவிடும். இஞ்சியைத் தட்டிப் பிழிந்த சாற்றைக் கிண்ணத்தில் பத்து நிமிஷம் அசையாமல் வைத்தால் அடியில் வெள்ளையாக மாவு தங்கும். அதை விட்டுவிட்டு மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். எலுமிச்சம்பழம் பிழிவது அடுப்பிலிருந்து இறக்கிச் சூடு சற்றுத் தணிந்த பிறகு. கடைசியாக நெய்யில் சீரகம், கறிவேப்பிலை, முந்திரி தாளித்துக் கொட்டினால் வாசனை தெருவுக்கே தெரியும்.

இஞ்சித் துவையலை விட்டுவிடாதீர்கள். தேங்காய்ப் பால் கனமானது, இஞ்சி இருந்தால்தான் செரிக்கும். முதல் நாளே அரைத்துவிடலாம், மறுநாள் ருசி கூடத்தான் செய்யும். உருளைக்கிழங்கைக் காலையில் வேகவைத்து உரித்து வையுங்கள். சாயங்காலம் இரும்புச் சட்டியில் அவசரப்படாமல் முறுக விடலாம். அப்பளத்தை ஒரு மணி நேரம் முன்னால் பொரித்து, ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துவிட்டால் நமத்துப் போகாது. வேறு குழம்பு இல்லாததால் சொதிக்குச் சாதம் கூடுதலாகவே இறங்கும். மூன்று கிலோ அரிசி போடுங்கள். ஒரே தடவையாக வேண்டாம், இரண்டு தடவையாக வடித்து முதல் ஈடை ஹாட்பாக்ஸில் வையுங்கள். பெரிய பாத்திரம் இல்லையென்றால் வாடகைக்கு எடுத்துவிடுங்கள். சின்னப் பாத்திரத்தில் திணித்துச் சமைப்பதுதான் ஆளைக் களைக்க வைக்கும்.

வாணியம்பாடியிலிருந்து:

அக்கா சொன்ன அடுப்புக் கணக்கை நான் அப்படியே ஒத்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் அதே காரணத்துக்காகத்தான் விருந்து என்றால் பிரியாணி. ஆம்பூர் முறை. காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுது, சீரகச் சம்பா அரிசி, கூட எண்ணெய்க் கத்திரிக்காய், வெங்காயத் தயிர்ப் பச்சடி. ஒரு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ கறி, எட்டுப் பேர் திருப்தியாகச் சாப்பிடலாம். கத்திரிக்காய் புளியும் எண்ணெயுமாக இருப்பதால் முதல் நாள் இரவே செய்து வைப்போம். அன்றைக்கு அடுப்பில் பிரியாணியைத் தவிர வேறு எதுவும் ஏறாது.

போன பக்ரீத் முடிந்த வாரத்தில் என் தம்பியின் மாமனார் வீட்டார் வந்தார்கள். உங்கள் கணக்குத்தான், இருபத்தைந்து பேர். மூன்று கிலோவை ஒரே அண்டாவில் போட வீட்டு அடுப்பு தாங்காது. தீ நடுவில் மட்டும் அடிக்கும், நடுவில் அடிபிடிக்கும், ஓரத்தில் வேகாது. அதனால் ஒன்றரை ஒன்றரைக் கிலோவாக இரண்டு தேக்சாவில் பிரித்தோம். அரிசி அரை மணி நேரம் ஊறட்டும். உப்புப் போட்ட கொதிநீரில் முக்கால் பதம் வெந்ததும் வடித்து, கறி மசாலாவோடு சேர்த்துவிட வேண்டும். பதம் பார்ப்பது முக்கியம்: ஒரு பருக்கையை விரலில் நசுக்கினால் நடுவில் வெள்ளைப் பொட்டு ஒன்று இன்னும் தெரிய வேண்டும். பொட்டு மறைந்துவிட்டால் தம்மில் குழைந்துவிடும். சீரகச் சம்பா பொடி அரிசி, நேரம் கொடுக்காது.

தம் போடும்போது தேக்சாவுக்கு அடியில் கனமான தோசைக்கல். மூடியைச் சுற்றி மைதா மாவைப் பிசைந்து ஒட்டி, மேலே கொட்டாங்கச்சித் தணல். தணல் இல்லாத வீட்டில் கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்தை ஏற்றி வைக்கலாம். இருபது நிமிஷம் சிறு தீ, அணைத்த பிறகும் இருபது நிமிஷம் திறக்கவே கூடாது. வந்தவர்கள் கைகழுவிக்கொண்டு நிற்கிறார்களே என்று யாராவது மூடியைத் தூக்கப் பார்ப்பார்கள், விடாதீர்கள். எடுக்கும்போது கரண்டி போட்டுக் கிளற வேண்டாம். சின்னத் தட்டை ஓரமாக அடிவரை இறக்கி அப்படியே அள்ளினால் பருக்கை உடையாமல் கறியும் சோறுமாக வரும்.

கறிக்கடையில் முதல் நாளே சொல்லி வையுங்கள். முன்னங்காலும் நெஞ்செலும்பும் கலந்து கேளுங்கள். தொடைக்கறி மட்டும் போட்டால் சாறு இருக்காது.

இன்னொன்று, அடுத்த மாதம் என்றால் எந்தத் தமிழ் மாதம்? புரட்டாசி என்றால் நிறைய வீடுகளில் அசைவம் தொட மாட்டார்கள். கார்த்திகை என்றால் மாலை போட்டவர் யாராவது இருக்கலாம். அழைக்கும்போதே சம்பந்தி அம்மாவிடம் கேட்டுவிடுங்கள். அப்படிக் கேட்பது மரியாதைதான், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சென்னை வேப்பேரியிலிருந்து:

கேட்டுவிடுங்கள் என்று அண்ணன் சொன்னதை நானும் அழுத்திச் சொல்கிறேன். எங்கள் குடியிருப்பில் ஜைனக் குடும்பங்கள் அதிகம். பக்கத்து வீட்டு அம்மா என் பிரசவ நேரத்தில் என்னைத் தாயைப் போலப் பார்த்துக்கொண்டார். அவர் வீட்டாரை விருந்துக்குக் கூப்பிடும் முன் அவரிடமே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். வெங்காயம், பூண்டு ஆகாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மண்ணுக்கு அடியில் விளைகிற எதுவும் ஆகாது: உருளை, கேரட், பச்சை இஞ்சி கூட. ஆனால் சுக்குப் பொடி பரவாயில்லை, மஞ்சள்பொடியும் சரி. காய்ச்சாத தயிரையும் பருப்பையும் ஒன்றாகச் சேர்க்க மாட்டார்கள், அதனால் தயிர் வடை கிடையாது. பொழுது சாய்ந்த பிறகு அவர்கள் சாப்பிடுவதும் இல்லை. ஆக, அந்த இரவு விருந்து மாலை ஐந்து மணிக்கு நடந்தது!

புளியோதரை, தேங்காய்ச் சாதம், வாழைக்காய் வறுவல், புடலங்காய்ப் பொரியல், அப்பளம், பால் பாயசம் வைத்தேன். புளிக்காய்ச்சல் நல்லெண்ணெயில் சுண்டி வருவதால் இரண்டு நாள் முன்பே செய்தாலும் கெடாது. சாதத்தை உதிரியாக வடித்து அகலத் தாம்பாளத்தில் ஆற விட்டு அன்றைக்குக் கலந்தால் போதும். உருளை இல்லாத குறையே தெரியவில்லை. வாழைக்காயை மெல்லிய வட்டமாக நறுக்கி, மோர் கலந்த தண்ணீரில் போட்டு எடுத்து, பிசின் போகத் துடைத்து, மிளகாய்ப்பொடி பிரட்டித் தோசைக்கல்லில் போட்டேன். அந்த அம்மாவின் பேரன் வறுவலை மட்டும் தட்டை நீட்டி நீட்டிக் கேட்டு வாங்கினான்.

அதே விருந்துக்கு வந்த இன்னொரு குழந்தைக்குக் கோதுமை ஒவ்வாமை. சோறுதானே, என்ன இருக்கப்போகிறது என்று தோன்றும். ஆனால் கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ சேர்த்திருப்பார்கள். டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துப் பார்த்துவிட்டு அன்றைக்குப் பெருங்காயமே போடவில்லை.

நாகர்கோவிலிலிருந்து:

சமையல் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டீர்கள், நான் பரிமாறுவதைச் சொல்கிறேன். சமைத்தவர் பரிமாறக் கூடாது. மாலை முழுக்க அடுப்படியில் நின்றவரால் எந்த இலையில் என்ன தீர்ந்தது என்று பார்க்க முடியாது. இளவட்டப் பிள்ளைகள் நாலு பேரை முன்கூட்டியே பிடித்து, உனக்குச் சோறு, உனக்குக் குழம்பு, உனக்குத் தொடுகறி, உனக்குத் தண்ணீர் என்று பிரித்துக் கொடுத்துவிடுங்கள். இருபத்தைந்து பேர் என்றால் இரண்டு பந்தி. முதல் பந்தியில் சம்பந்தி வீட்டுப் பெரியவர்கள். இரண்டாவதில் நீங்களும் சம்பந்தி அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருங்கள், அவர் காத்திருக்கச் சம்மதித்தால். எங்கள் வீட்டில் அப்படி உட்கார்ந்து பேசியதில்தான் இரண்டு வீட்டுப் பெண்களும் நெருங்கினோம்.

இலையின் நுனி சாப்பிடுகிறவருக்கு இடப்பக்கம் வர வேண்டும். பாயசம் எங்கள் ஊரில் பருப்பும் கருப்பட்டியும் தேங்காய்ப் பாலும் போட்டது. அதை இலையிலேயே ஊற்றி, அப்பளத்தை நொறுக்கி, மட்டிப்பழம் ஒன்றைப் பிசைந்து சாப்பிடுவோம். உங்கள் ஊரில் மட்டி கிடைக்காவிட்டால் நாட்டுப்பழம் போதும். முன்னாடியே தம்ளரில் ஊற்றி வைக்காதீர்கள், ஆடை படிந்துவிடும்.

மதுரையிலிருந்து:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மாதம் ஆவணி, ஆனால் வருவது வெள்ளிக்கிழமை. சம்பந்தி அம்மாவிடம் கேட்டேன், வெள்ளி அசைவம் இல்லையாம். அதனால் சொதி என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டு சந்தேகம். நடுவில் கேஸ் தீர்ந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அப்புறம், சொதி மிஞ்சினால் என்ன செய்வது?

பாளையங்கோட்டையிலிருந்து:

சிலிண்டரின் மேல் வளையத்தில் காலி எடை எழுதியிருக்கும். வீட்டு சிலிண்டரில் நிறைக்கிற கேஸ் 14.2 கிலோ. தராசு இருந்தால் நிறுத்துப் பார்த்துக் கழித்துக்கொள்ளலாம். இல்லையென்றால் ஈரத்துணியால் மேலிருந்து கீழாகத் துடைத்துவிட்டுப் பாருங்கள். கேஸ் இருக்கிற உயரம் வரை ஈரம் காயச் சற்று நேரமாகும், அதற்கு மேலே சீக்கிரம் காய்ந்துவிடும். பாதிக்குக் கீழே என்றால் அந்த வாரமே அடுத்ததைப் பதிவு செய்து வீட்டில் நிறைந்த ஒன்றைத் தயாராக வையுங்கள்.

சொதி வெளியில் இருந்தால் விடியும்போது புளித்துவிடும். பந்தி முடிந்த கையோடு ஆற வைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். காலையில் வேண்டியதை மட்டும் எடுத்துச் சிறு தீயில் கிளறிக்கொண்டே நன்றாகச் சூடாக்குங்கள். லேசாகத் திரிந்தாலும் கவலையில்லை, மறுநாள் நம் வீட்டு ஆட்கள்தானே. இடியாப்பத்துக்கு அதைவிட நல்ல துணை கிடையாது. ஆப்பத்துக்கும் ஊற்றலாம். இரவு தங்குகிறவர்கள் இருந்தால் இடியாப்ப மாவை முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள் அக்கா.