எலும்பு, கண், தோல் டாக்டர்களுக்குக் கொரோனா வார்டு டூட்டி: ஒவ்வொரு பிரிவு டாக்டரும் தெரிந்ததை எழுதுங்கள்

எலும்பு முறிவுப் பிரிவு

2021 மே மாதம் பல அரசு மருத்துவமனைகளில் அவசரமில்லாத ஆபரேஷன்களை நிறுத்திவிட்டு, எந்தப் பிரிவு என்று பார்க்காமல் எல்லாரையும் கொரோனா டூட்டிப் பட்டியலில் சேர்த்தார்கள். போனவர்களில் பலர் முந்தின இரவு வென்டிலேட்டர் பாடம் படித்துவிட்டுப் போனார்கள். சறுக்கியது மூச்சு எண்ணுவதில்! வரிசையாக எல்லாக் கேஸ் ஷீட்டிலும் 22 என்று இருந்தால் யாருமே எண்ணவில்லை என்று அர்த்தம். முழு 1 நிமிடம் எண்ணுங்கள். எண்ணுவது நோயாளிக்குத் தெரிந்தால் மூச்சு மாறிவிடும். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வயிறு ஏறி இறங்குவதைக் கவனியுங்கள். 24-ஐத் தொட்டால் மிதமான நோய், 30-ஐத் தாண்டினால் தீவிரம். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைச் சதவீதத்தில் காட்டும் ஆக்சிமீட்டர் 95 காட்டி மூச்சு 32 ஓடினால் 95-ஐ நம்பி நகராதீர்கள். சில்லிட்ட விரல், நகப்பூச்சு, கறுப்பு மருதாணி இதெல்லாம் அளவைக் குழப்பும். திரையில் அலை சீராக இருக்கிறதா, அதில் வரும் நாடியும் கையில் எண்ணும் நாடியும் ஒன்றா என்று பார்த்த பிறகே எழுதுங்கள்.

மயக்கவியல்

ஆர்த்தோ (எலும்பு முறிவு) சார் சொன்னதோடு ஆக்சிஜன் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய டி டைப் சிலிண்டர் நிறைந்திருந்தால் சுமார் 7,000 லிட்டர். நிமிடத்துக்கு 15 லிட்டர் ஓடினால் ஏழே முக்கால் மணி நேரம். ஸ்ட்ரெச்சரோடு போகும் சின்ன பி டைப்பில் சுமார் 1,500 லிட்டர்தான்; அதே 15 லிட்டருக்கு 100 நிமிடம். முள் பாதியில் நின்றால் 50 நிமிடம். சி.டி. ஸ்கேனுக்கு அனுப்பும்போது லிஃப்ட், வரிசை, திரும்பி வருவது எல்லாவற்றையும் கூட்டி, அதற்கு இரண்டு மடங்கு ஆக்சிஜன் இருந்தால் மட்டும் கிளப்புங்கள்.

ஆக்சிஜன் ஓட்டத்தைக் காட்டும் ஃப்ளோமீட்டரில் அளவைப் பந்தின் நடுவில் பார்த்துப் படிக்க வேண்டும். பந்து மேலே நிற்கும், ஆனால் ஆக்சிஜனை ஈரப்படுத்தும் தண்ணீர்ப் பாட்டிலில் குமிழியே வராது. அப்படியானால் பாட்டில் மூடி மரை கோணலாக ஏறியிருக்கிறது, ஆக்சிஜன் பக்கவாட்டில் போய்க்கொண்டிருக்கிறது. ட்யூபை மடித்துப் பிடித்துப் பாருங்கள். பெரும்பாலான பாட்டில்களில் ஒரு விசில் சத்தம் வரும். வராவிட்டால் எங்கோ கசிவு. ஆக்சிஜன் குறைகிறது என்று ஐ.சி.யு.வுக்குப் போன் போடுவதற்கு முன் இந்த மூடியைக் கழற்றி மாட்டிப் பார்ப்பது நல்லது.

பை வைத்த மாஸ்க்கை முகத்தில் வைக்கும் முன், உள்ளே இருக்கும் வால்வை விரலால் மூடிப் பை உப்பும் வரை பிடியுங்கள். 10 லிட்டருக்குக் கீழே அந்த மாஸ்க்கை ஓட்டக் கூடாது. மூச்சு இழுக்கும்போது பை முழுதாகச் சப்பையானால் ஓட்டத்தைக் கூட்ட வேண்டும். ஆக்சிமீட்டரில் இலக்கு 92 முதல் 96 வரை. 99 வந்தால் சந்தோஷப்படாமல் குறையுங்கள், அடுத்த படுக்கைக்கு ஆகும்.

நோயாளி சட்டென்று மோசமாவது பெரும்பாலும் சாப்பிடும்போதும் கழிவறைக்கு நடக்கும்போதும்தான், அப்போதுதானே மாஸ்க்கைக் கழற்றுகிறார்கள். சாப்பிடும் நேரத்துக்கு மூக்குக் குழாய் மாட்டுங்கள், பெட்பேனைப் படுக்கைக்கே கொண்டுவரச் சொல்லுங்கள்.

தோல்

ஸ்டீராய்டு எங்களுக்குத் தினசரிச் சோறு, அதனால் ஒன்று சொல்கிறேன். டெக்ஸாமெதாசோன் 6 மி.கி., தினம் ஒரு வேளை, அதிகபட்சம் 10 நாள், அதுவும் ஆக்சிஜன் தேவைப்படுபவருக்கு மட்டும். வழக்கமான 2 மி.லி. வயலில் (மருந்துக் குப்பியில்) 8 மி.கி. இருக்கும், எடுக்க வேண்டியது ஒன்றரை மி.லி. அவசரத்தில் முழு வயலும் ஏறிவிடுகிறது. காலையில் ஊசி போட்டால் சர்க்கரை ஏறுவது மத்தியானத்துக்கு மேல். வெறும் வயிற்றில் மட்டும் பார்த்து 110 என்று எழுதிவிட்டுப் போனால், சாயங்காலம் 380 இருப்பது யாருக்கும் தெரியாது. இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒரு முறை கட்டாயம் குத்திப் பாருங்கள்.

கண்

அந்த 380-இன் தொடர்ச்சிதான் எங்களிடம் வந்தது. சர்க்கரை ஏறியவர்களுக்குக் கறுப்புப் பூஞ்சை எளிதில் தொற்றும். 2021 மே மாதம் தமிழ்நாட்டில் அதை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக்கினார்கள். ரவுண்ட்ஸில் ஒவ்வொரு சர்க்கரை நோயாளியிடமும் கேளுங்கள்: ஒரு பக்கம் மட்டும் முகம் வலிக்கிறதா, மரத்திருக்கிறதா, இமை வீங்கியிருக்கிறதா, ஒன்று இரண்டாகத் தெரிகிறதா, பல் ஆடுகிறதா? பிறகு டார்ச் அடித்து அண்ணத்தைப் பாருங்கள். கறுப்புத் திட்டு தெரிந்தால் அன்றே ஈ.என்.டி.யைக் கூப்பிடுங்கள், காலை வரை வைக்காதீர்கள்.

மருந்தில் நடக்கும் தவறு: இந்தப் பூஞ்சைக்கான லிப்போசோமல் ஆம்போடெரிசினை சலைனில் கலப்பது. திரிந்துவிடும். 5% டெக்ஸ்ட்ரோஸில் மட்டும் கலக்க வேண்டும். கிலோவுக்கு 5 மி.கி. என்றால் 60 கிலோ ஆளுக்கு 300 மி.கி., அதாவது 50 மி.கி. வயல் ஆறு. பொட்டாசியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் அடிக்கடி பாருங்கள்; பொட்டாசியம் சத்தமில்லாமல் இறங்கும்.

மனநலம்

ராத்திரி மாஸ்க்கைப் பிய்த்துப் போடுகிறவர் என்றால் எங்களைத்தான் முதலில் கூப்பிடுகிறார்கள். தூக்க ஊசி கேட்பதற்கு முன் சாச்சுரேஷன் (ஆக்சிமீட்டர் அளவு), சர்க்கரை, சிறுநீர் அடைப்பு, இந்த மூன்றையும் பாருங்கள். பாதிப் பேருக்கு ஊசியே வேண்டியிருக்காது.

எலும்பு முறிவுப் பிரிவு

கவசத்தைப் பற்றி யாரும் எழுதவில்லையே. கண்ணாடியில் ஆவி படிவது என்95-இன் மேல் விளிம்பில் மூச்சு கசிவதால். சோப்புத் தண்ணீர் தடவுவது தற்காலிகம்தான், மூக்குக் கம்பியை இரண்டு கை விரலாலும் அழுத்தி மாஸ்க்கைச் சரிசெய்யுங்கள். கழற்றும்போது ஒவ்வொரு படிக்கும் கை சுத்தம், என்95 கடைசியில், வார்டுக்கு வெளியே. கவுனின் நெஞ்சில் மார்க்கரால் பெயரோடு பிரிவையும் எழுதுங்கள். 'ஆர்த்தோ' என்று பார்த்தால் இன்சுலின் அளவைச் சிஸ்டர் ஒரு முறை திருப்பிக் கேட்பார். கேட்கட்டும்.

மயக்கவியல்

விட்டுப்போனது: பி டைப் சிலிண்டரின் சாவியை ட்ராலியோடு கயிற்றால் கட்டிவையுங்கள். வால்வு இறுக்கமாக இருக்கிறதென்று எண்ணெய் விடாதீர்கள், அழுத்தத்தில் ஆக்சிஜன் பட்டால் எண்ணெய் தீப்பிடிக்கும். சானிடைசர் தடவிய கையையும் காயவிட்டுத் திறங்கள்.