டாட்ஜர்ஸ் கொட்டிக் கொட்டி செலவு பண்றாங்க, செல்டிக்ஸ் மட்டும் டீமைக் கலைக்கணுமா?

காட்பாடி_கார்னர்த்ரீ கேட்டது:

என்பிஏ பாஸ்கெட்பால், எம்எல்பி பேஸ்பால்னு ரெண்டு லீகையும் பார்க்கிறவங்க கொஞ்சம் விளக்குங்க. 2024ல பாஸ்கெட்பால்ல பாஸ்டன் செல்டிக்ஸ் சாம்பியன். அடுத்த கோடையிலேயே ஹாலிடே போர்ட்லண்டுக்கு, போர்சிங்கிஸ் அட்லாண்டாவுக்கு, ஹார்ஃபோர்ட் கோல்டன் ஸ்டேட்டுக்கு, கோர்னெட் சான் அன்டோனியோவுக்குன்னு கிளம்பிட்டாங்க. அவங்க ஸ்டார் டேட்டமுக்குக் குதிகால் தசைநார் (அகிலிஸ்) கிழிஞ்சது தனி. அதே 2024ல பேஸ்பால்ல ஜெயிச்ச டாட்ஜர்ஸ், டீமைக் கலைக்காம 2025லயும் கப்பைத் தூக்கிட்டாங்க. அவங்க ஸ்டார் ஓடானிக்கு 70 கோடி டாலர் ஒப்பந்தம், ஆனா வருஷத்துக்குக் கையில 20 லட்சம் டாலர்தானாம். மீதி அப்புறமாம். இது ஏமாத்து வேலையா இல்லையா? விஐடி கோர்ட்ல சாயந்திரம் ஆடற பசங்ககிட்ட கேட்டா "பேஸ்பால்ல ரூலே கிடையாதுண்ணா"ன்னு முடிச்சுடறாங்க. அது சரியா?

இன்னொண்ணு. என்பிஏல டிரேட் (டீமுங்க பிளேயரை மாத்திக்கிறது) டெட்லைன் நெருங்கினா தினம் பத்து வதந்தி வருது. எது நடக்கக்கூடியது, எது வெறும் கதைன்னு நாமளே கணக்குப் போட்டுப் பார்க்க வழி இருக்கா?

சத்துவாச்சாரி_ஷார்ட்ஸ்டாப்:

முதல்ல ஓடானி. 2024ல இருந்து 2033 வரைக்கும் வருஷத்துக்கு 20 லட்சம் டாலர். தள்ளி வச்ச 68 கோடி, 2034ல இருந்து 2043 வரைக்கும் வருஷத்துக்கு 6.8 கோடியா வரும், வட்டி கிடையாது. வட்டி இல்லாததுதான் இதுல விஷயமே.

ஏலச்சீட்டு போடறவங்களுக்கு இது சட்டுனு புரியும். 5 லட்சம் சீட்டை முன்னாடியே எடுக்கிறவன் தள்ளுபடி போக மீதியைத்தான் வாங்கிட்டுப் போவான். கடைசில எடுக்கிறவனுக்கு முழுசும் வரும், ஆனா அவ்வளவு மாசம் காத்திருந்த பணம் அது. ஓடானி எடுத்தது கடைசிச் சீட்டு. இன்னிக்கு விலைக்கு அதைக் கொண்டு வரணும்னா வட்டிக் கணக்குல கழிக்கணும். அவர் கையெழுத்துப் போட்டப்ப லீக் பயன்படுத்தின விகிதம் 4.43 சதவீதம். பத்து வருஷத்துக்கு அது சுமார் 1.54 மடங்கு. 6.8 கோடியை 1.54ஆல் வகுத்தா 4.41 கோடி. கையில தர்ற 20 லட்சத்தையும் சேர்த்தா 4.6 கோடி. லக்சரி டாக்ஸ் (சம்பள வரம்பைத் தாண்டினா டீம் கட்டற வரி) கணக்குல டாட்ஜர்ஸ் பேர்ல வருஷா வருஷம் ஏறறது இந்த 4.6 கோடிதான். யாரும் 20 லட்சம்னு எழுதிக்கறதில்ல.

பணத்தையும் 2034 வரைக்கும் ஜாலியா வச்சுக்க முடியாது. ஒரு சீசனுக்குத் தள்ளி வச்ச தொகையோட இன்றைய மதிப்பை, அதுக்கப்புறம் ரெண்டாவது வருஷம் ஜூலை 1க்குள்ள தனியா எடுத்து ஒதுக்கிடணும்னு லீக்-யூனியன் ஒப்பந்தத்துலயே இருக்கு. ஆக, இது 46 கோடி ஒப்பந்தம், தலைப்புல மட்டும் 70 கோடி. மெட்ஸ்ல சோட்டோவுக்கு 15 வருஷம் 76.5 கோடி, ஒரு பைசா தள்ளி வைக்கல. டாக்ஸ் கணக்குல அவருக்கு வருஷம் 5.1 கோடி, ஓடானியை விடக் கூட. இதைப் பார்த்தா ஏமாத்து எங்க இருக்குன்னு நீங்களே சொல்லுங்க.

ரூல் இல்லைன்னு பசங்க சொல்றதும் தப்பு. 2025க்கு வரம்பு 24.1 கோடி. முதல் தடவை தாண்டினா 20 சதவீதம், அடுத்த வருஷமும் தாண்டினா 30, மூணாவதுல இருந்து 50. வரம்பை விட்டு 6 கோடிக்கு மேல போன பகுதிக்கு இன்னொரு 60 கூடும். டாட்ஜர்ஸ் நிக்கற இடத்துல அது 110 சதவீதம். அதாவது 1 கோடி டாலர் பிளேயர் ஒருத்தரைப் புதுசா எடுத்தா 2.1 கோடி செலவு. 2024க்கு மட்டும் 10 கோடி டாலருக்கு மேல வரி கட்டினாங்க. 4 கோடிக்கு மேல தாண்டினா முதல் டிராஃப்ட் பிக்கும் (புதுப் பசங்களை எடுக்கிற முறை) பத்து இடம் பின்னால போயிடும். பெரும்பாலும் அவ்வளவுதான் தண்டனை. காசு இருந்தா கட்டலாம்.

ராணிப்பேட்டை_ரீபவுண்ட்:

அந்தக் கடைசி வரியிலதான் ரெண்டு லீகும் பிரியுது. என்பிஏல காசு இருந்தாலும் முடியாது.

டீமோட மொத்தச் சம்பளத்துக்கு 2025-26 கணக்கு: சாலரி கேப் (அடிப்படை வரம்பு) 15.46 கோடி, லக்சரி டாக்ஸ் கோடு 18.79, முதல் ஏப்ரன் (தாண்டினா டிரேட் கட்டுப்பாடு வர்ற கோடு) 19.59, அதை விடக் கடுமையான செகண்ட் ஏப்ரன் 20.78 கோடி டாலர். டேட்டம் சம்பளம் 5.41, பிரவுன் 5.31. ரெண்டு பேருக்கே 10.7 கோடி, செகண்ட் ஏப்ரன்ல பாதிக்கு மேல காலி. மீதியில பன்னெண்டு, பதிமூணு பேரை வைக்கணும். ஹாலிடே, போர்சிங்கிஸ், டெரிக் வைட் மூணு பேரையும் சேர்த்து எப்படி அடக்குவீங்க?

வரி ஒரு பக்கம். நாலு வருஷத்துல மூணு தடவை வரி கட்டின டீமுக்கு இப்போ முதல் டாலருக்கே 3 டாலர் வரி, மேல போகப் போக இன்னும் ஏறும். ஆனா பணக்கார ஓனர் அதைக் கட்டிடுவார். அவரால தாங்க முடியாதது செகண்ட் ஏப்ரன் பிடுங்கற சாமான்கள். ரெண்டு மூணு பிளேயர் சம்பளத்தை ஒண்ணா கூட்டி ஒரு பெரிய பிளேயரை வாங்கக் கூடாது. கொடுக்கிறதை விட ஒரு டாலர் கூட எடுத்துக்கக் கூடாது. டிரேட்ல பணம் சேர்த்துத் தரக் கூடாது. மிட்-லெவல் எக்செப்ஷன் (கேப்பைத் தாண்டியும் வெளியாளை எடுக்க விடற சலுகை) கிடையாது, வெளியில இருந்து வர்றவருக்கு மினிமம் சம்பளம்தான். ஏழு வருஷம் தள்ளி இருக்கிற முதல் ரவுண்ட் பிக் உறைஞ்சுடும், அதை டிரேட்ல போட முடியாது. செல்டிக்ஸுக்கு 2032 பிக் அப்படித்தான் மாட்டிக்கிச்சு. அடுத்த நாலு வருஷத்துல இன்னும் ரெண்டு தடவை தாண்டினா அந்தப் பிக் ரவுண்டின் கடைசி இடத்துக்குப் போயிடும்.

அதனாலதான் ஹாலிடே டிரேட் அவ்வளவு சப்பையா தெரிஞ்சது. 3.24 கோடி கொடுத்து 2.77 கோடி சைமன்ஸ். ஆட்டத்துக்காகப் போட்ட டிரேட் இல்ல அது. ஹாலிடே ஒப்பந்தம் 2028 வரைக்கும், சைமன்ஸோடது 2026ல முடியும். வருஷத்தைக் குறைச்சாங்க, வரியைக் குறைச்சாங்க. டேட்டம் காயத்துல இருந்த சீசன்ல அதைச் செய்யலைன்னா வேற எப்போ செய்யறது? என் கணக்குல சரியான முடிவுதான்.

ஆற்காடு_அம்பயர்:

கணக்கெல்லாம் சரி. ஆனா இந்த ஏப்ரன் நியாயம்னு நான் ஒத்துக்க மாட்டேன். பிரவுன் 2016ல மூணாவது பிக், டேட்டம் 2017ல மூணாவது பிக். செல்டிக்ஸே எடுத்து வளர்த்த பசங்க. காசைக் காட்டி வாங்கினவங்க இல்ல. சொந்தமா வளர்த்ததுக்கும் தண்டனைன்னா அது இன்னா ரூல்? ஓகேசிக்கும் (ஓக்லஹோமா சிட்டி) இதே கதிதான் வரும். ஹோல்ம்கிரென், ஜேலன் வில்லியம்ஸ் ரெண்டு பேரோட பெரிய ஒப்பந்தமும் 2026-27ல ஆரம்பம், அவங்க ஸ்டார் ஷேயோடது அதுக்கு அடுத்த வருஷம். அங்கேயும் நல்ல பெஞ்சைக் கலைச்சுத்தான் ஆகணும். 2019ல இருந்து 2025 வரைக்கும் ஏழு சீசன், ஏழு வேற வேற சாம்பியன். சமத்துவம்னு கொண்டாடறாங்க. எனக்கு அது, எந்த டீமும் ரெண்டாவது வருஷம் சேர்ந்து நிக்க விடாத லீக்காத்தான் தெரியுது.

பேஸ்பால்ல உண்மையான குறை தள்ளி வைக்கிற சம்பளம் இல்ல, டிவி. டாட்ஜர்ஸோட லோக்கல் டிவி ஒப்பந்தம் 25 வருஷம், 835 கோடி டாலர். லோக்கல் வருமானத்துல 48 சதவீதத்தைப் பொதுவுல போட்டுப் பங்கு பிரிச்சாலும், பிட்ஸ்பர்க் எந்தக் காலத்துல எட்டும்? என்பிஏல பெரிய பணமே தேசிய டிவியில இருந்து, 11 வருஷம் 7,600 கோடி டாலர், 30 டீமுக்கும் சமமா. அங்க சாலரி கேப் நிக்கறதே அந்தப் பணத்து மேலதான். பேஸ்பால்ல டிவியை அப்படியே விட்டுட்டு கேப் மட்டும் போட்டா, ஓனர் பாக்கெட்தான் ரொம்பும்.

கேப் கேட்டதுக்கு இன்னா ஆச்சுன்னு தெரியும் இல்ல? 1994 ஆகஸ்ட் 12ல ஸ்ட்ரைக், அந்த வருஷம் வேர்ல்ட் சீரிஸே நடக்கல. இப்போ இருக்கிற ஒப்பந்தம் முடியற நாள் 2026 டிசம்பர் 1. ஓனருங்க கேப்புன்னு மறுபடி பிடிச்சா பிளேயர் யூனியன் விடாது. 2021-22 மாதிரி லாக்கவுட்டுக்கு (ஓனருங்களே கதவைச் சாத்தறது) தயாரா இருங்க.

இன்னொரு விஷயம், காசு கொட்டினா கப் வரும்னும் இல்ல. சோட்டோவை வாங்கின மெட்ஸ் 2025ல பிளேஆஃபுக்கே வரல. டாட்ஜர்ஸும் டொரொண்டோவுல ஏழாவது மேட்ச்ல ஒன்பதாவது இன்னிங்ஸ் வரைக்கும் தோத்துக்கினு இருந்தாங்க. சமன் பண்ண ஹோம் ரன் அடிச்சது 50 லட்சம் டாலர் சம்பளத்துல இருந்த ரோஹாஸ்.

காட்பாடி_கார்னர்த்ரீ:

அம்பயர் சார், ஷார்ட்ஸ்டாப், ரொம்ப நன்றி. ஓடானி விஷயம் இப்போதான் விளங்குது. டிரேட் வதந்திக்கு யாராவது சொல்லுங்களேன்.

ராணிப்பேட்டை_ரீபவுண்ட்:

டான்சிச் டல்லாஸ்ல இருந்து லேக்கர்ஸுக்குப் போன டிரேட்டையே எடுத்துக்கலாம், 2025 பிப்ரவரி. லேக்கர்ஸ் அப்போ முதல் ஏப்ரனுக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல. அதனால சம்பளத்தைக் கூட்டலாம், ஆனா கொடுக்கிறதை விட அதிகமா வாங்கக் கூடாது. கொடுத்தது: டேவிஸ் 4.32, கிறிஸ்டி 0.71, ஹூட்-ஷிஃபினோ 0.39. மொத்தம் 5.42 கோடி. வாங்கினது: டான்சிச் 4.30, கிளீபர் 1.10. மொத்தம் 5.40. மார்கீஃப் மோரிஸ் மினிமம் சம்பளம்கிறதால இந்தக் கூட்டல்ல வரல. கிளீபர் எதுக்கு, ஹூட்-ஷிஃபினோவை யூட்டாவுக்கு எதுக்கு அனுப்பினாங்கன்னு அன்னிக்கு நிறைய பேர் கேட்டாங்க. இந்த 2 லட்சம் டாலர் இடைவெளிக்குள்ள அடக்கத்தான்.

வதந்தி வந்தா இதே வரிசையில பாருங்க. முதல்ல ரெண்டு டீமும் எந்தக் கோட்டுக்கு மேல நிக்குது. செகண்ட் ஏப்ரனுக்கு மேலன்னா "மூணு பேர் கொடுத்து ஒரு சூப்பர்ஸ்டார்"ங்கிற பேச்சை அங்கேயே குப்பையில போடலாம். முதல் ஏப்ரனுக்குக் கீழன்னா, பெரிய சம்பளங்களுக்கு 125 சதவீதம் வரைக்கும் திரும்ப வாங்கலாம். அந்த டிரேட்டுக்கு அப்புறம் முதல் ஏப்ரனைத் தாண்டக் கூடாதுங்கிறதையும் பாருங்க, நிறைய பேர் இதை விட்டுடறாங்க. அப்புறம் பிக். அடுத்தடுத்த ரெண்டு வருஷ முதல் ரவுண்ட் பிக்கை ஒண்ணா விக்க முடியாது, ஏழு வருஷத்துக்கு அப்பாலயும் விக்க முடியாது. "ஏழு பிக் கொடுக்கறாங்க"ன்னு யாராவது எழுதினா, அதுல பாதி ஸ்வாப்பா (பிக் இடத்தை மாத்திக்கிற உரிமை) இருக்கும், இல்ல வேற டீமோட பிக்கா இருக்கும், அதுவும் இல்லைன்னா கதை. கடைசியா தேதி: கோடையில புதுசா கையெழுத்துப் போட்டவரைப் பொதுவா டிசம்பர் 15 வரைக்கும் டிரேட் பண்ண முடியாது. நவம்பர்ல வர்ற வதந்தியில பாதி இங்கேயே செத்துடும்.

குடியாத்தம்_குளோசர்:

ஒரு சின்ன சேர்க்கை. பாஸ்கெட்பால்லயும் தள்ளிப் போடற வழி ஒண்ணு இருக்கு, ஆனா அது வலிக்கும். ஸ்ட்ரெச், அதாவது பிளேயரை விடுவிச்சுட்டு மீதிச் சம்பளத்தைப் பல வருஷத்துக்குப் பரப்பறது. மீதி வருஷத்தை ரெண்டால் பெருக்கி ஒண்ணு கூட்டணும். 2025ல சன்ஸ் விடுவிச்ச பீலுக்கு ரெண்டு வருஷம் பாக்கி, அதனால அஞ்சு வருஷம். அவர் விட்டுக் கொடுத்தது போக சுமார் 9.7 கோடியை அஞ்சால வகுத்து, வருஷத்துக்கு 1.94 கோடி டாலர் சன்ஸ் கணக்குல உக்காந்துக்கும். ஆளு போனது கிளிப்பர்ஸுக்கு. தள்ளி வச்சா ஓடானிக்கு மாதிரி இன்றைய மதிப்புன்னு கழிக்கிற சலுகை எல்லாம் இங்க கிடையாது.

என்பிஏ டெட்லைன் அன்னிக்கு முழிச்சுக்கினு இருக்கிறவங்களுக்கு: அங்க மதியம் 3 மணி, நமக்கு நள்ளிரவு 1:30. பேசி முடிச்சது அதுக்குள்ள லீகுக்குப் போயிருந்தா போதும், செய்தி ரெண்டு மணிக்கு மேலயும் வந்துக்கினே இருக்கும். 1:31க்கு "ஒண்ணும் நடக்கல"ன்னு படுத்துடாதீங்க.