தலவாக்கலை உறவுகள் குழு: பாடசாலை வேன் பற்றிய உரையாடல்

சிவா மாமா, மாலை 6.40
எல்லோருக்கும் வணக்கம். பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் நமது டீசல் வேன் பழசாகிவிட்டதால், அடுத்து மின்சார வேன் வாங்கலாமா என்று யோசிக்கிறேன். நுரைச்சோலையில் நிலக்கரியை எரித்துத்தானே அந்த மின்சாரமும் வருகிறது, புகை இங்கிருந்து புத்தளத்துக்கு இடம் மாறுவதைத் தவிர வேறென்ன பயன் என்று சாரதி தம்பி கேட்கிறார்.

யாழினி, 6.52
மாமா, அவர் கேட்பது நியாயமான கேள்வி. ஒரு லீட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ காபனீரொட்சைட்டு வெளியாகும். லீட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடும் வேன் என்றால், கிலோமீட்டருக்கு 270 கிராம். ஐ.நா.வின் காலநிலைக் குழு 2014இல் வெளியிட்ட கணக்கின்படி, நிலையம் கட்டுவது முதல் எரிபொருள் எரிப்பது வரை எல்லாவற்றையும் சேர்த்தால், ஓர் அலகு மின்சாரத்துக்கு நிலக்கரி 820 கிராமும், கூரைச் சூரிய மின் 41 கிராமும், நீர்மின் 24 கிராமும், காற்றாலை 11 கிராமும் வெளியிடுகின்றன. கிலோமீட்டருக்குக் கால் அலகு செலவானாலும், முழுக்க நிலக்கரி மின்சாரத்தில் ஓடினால் 205 கிராம் ஆகிவிடும்; பேட்டரி செய்யும்போது வெளியாகும் புகையையும் சேர்த்தால் மிச்சம் அதிகமில்லை. ஆனால் நம் நாட்டு மின்சாரத்தில் நீர்மின்னும் பெரும்பங்கு கலந்திருப்பதால் உண்மையான அளவு இதைவிடக் குறைவு.

ராணி அத்தை, 7.03
ஏற்றத்தில் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடாதா, யாழினி?

யாழினி, 7.10
அத்தை, இரண்டு தொன் எடையை ஆயிரம் மீட்டர் உயர்த்த ஐந்தரை அலகு போதும். மோட்டாரில் வீணாவதால் சற்றுக் கூடும். இறங்கும்போது அதில் ஒரு பகுதி பேட்டரிக்கே திரும்பிவிடும். கினிகத்தேனை இறக்கத்தில் பிரேக் கருகும் வாடை வருகிறதே, டீசல் வேனில் அந்தச் சக்தி முழுவதும் சூடாகிப் போய்விடுகிறது. மலைநாட்டுக்கு மின்வேன் பொருந்துகிறது என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

பெரியப்பா, 7.25
நீர்மின்னை 24 கிராம் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட வேண்டாம், மகள். 2012இல் திறக்கப்பட்ட 150 மெகாவாற்று மேல் கொத்மலைத் திட்டத்துக்காக நம் ஆட்கள் வீடுகளை விட்டு எழும்பினார்கள். சென் கிளயர் அருவியின் நீரும் குறைந்தது. அந்த விலை எந்தக் கிராமிலும் வராது.

யாழினி, 7.34
உண்மை, பெரியப்பா. அதனால்தான் இருக்கும் நீரை வீணாக்காமல், எந்த நேரத்தில் சார்ஜ் போடுகிறோம் என்று பார்க்க வேண்டும் என்கிறேன். மாலை 6.30 முதல் 10.30 வரை எல்லா வீடுகளிலும் விளக்கு எரிவதால், அந்த நேரத்தில்தான் எண்ணெய் எரிக்கும் நிலையங்களும் ஓடுகின்றன. பகலிலோ சூரிய மின் மிஞ்சி, 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைத் தகடுகளை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபையே கேட்டுக்கொண்டது. காலை ஓட்டம் முடிந்து பாடசாலை விடும்வரை வேன் சும்மாதான் நிற்கிறது. அந்த நேரமே சார்ஜுக்கு ஏற்றது. மூன்று வீடுகளிலிருந்து தனித்தனியாக முச்சக்கரவண்டியில் போகும் பிள்ளைகளையும் இதிலேயே ஏற்றிக்கொண்டால் மிச்சம் இன்னும் கூடும்.

சிவா மாமா, 7.48
அப்படியென்றால், பகலில் வேனை நிறுத்திச் சார்ஜ் போட ஓர் இடம் வேண்டும். நாளை அதிபரிடம் பேசிப் பார்க்கிறேன். அந்த மூன்று வீட்டாரிடமும் ராணி கேட்டுச் சொல்லட்டும்.